ஆயிரத்துக்கு வாங்கினால் நூறு மிச்சம்

எங்கள் தொழிலில் பாதி நேரம் பில் போடுவோம், மீதி நேரம் கூப்பன் ஏன் செல்லாது என்று விளக்குவோம். கோவில்பட்டியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருஷமாக இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறேன். உங்களில் யாராவது பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் என் தொண்டை படும் பாடு புரியும். எங்கள் கோமதி அக்காவைப் போல ஒருவர் உங்கள் வரிசையிலும் நின்றிருப்பார். கழுகுமலைப் பக்கத்துக் கிராமம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பஸ் ஏறி நேரே எங்கள் கடைக்கு வந்துவிடுவார்.

வாங்கி வாங்கி மிச்சம் பிடிப்பது

ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் அடுத்த தடவைக்கு நூறு ரூபாய் கூப்பன். அந்த அடுத்த தடவையும் ஆயிரத்துக்கு வாங்க வேண்டும் என்பது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். யார் படிக்கிறார்கள்? அக்காவின் பில் அறுநூறு, எழுநூறில் நின்றுபோகும். உடனே, "கொஞ்சம் பொறு தாயி" என்று வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே ஓடுவார். பின்னால் நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

ஒருநாள் பாத்ரூம் கழுவுகிற லோஷனைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டில் பாத்ரூமே கிடையாது என்று எனக்குத் தெரியும். "இது எதுக்குக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நூறு ரூவா மிச்சம் வருதுல்லா தாயி, பாத்ரூம பெறவு கெட்டிக்கிடலாம்."

மொய்க் கவரில் வந்தது

கூப்பனில் நூறு என்று போட்டிருந்தால் அது நூறு ரூபாய் நோட்டுதான் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஒரு பெரியவர் மொய்க் கவரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் மகள் கல்யாணத்துக்குக் கோமதி அக்கா வைத்த கவர், உள்ளே எங்கள் கூப்பன். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். உறவு விட்டுப்போகக் கூடாது, கையில் ரொக்கமும் இல்லை. அவர் கணக்குக்கு அது பணம்தான்.

"பணமாத் தர முடியாது அண்ணாச்சி. ஆயிரத்துக்குச் சாமான் வாங்குனா நூறு கழிப்போம்" என்றேன். அவர் கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவ வச்ச நூறு ரூவாய வாங்க, நான் ஒங்க மொதலாளிக்கு ஆயிரம் ரூவா மொய் எழுதணுமாக்கும்?"

சும்மா வந்ததுதானே

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கூப்பன் உளுந்துக்கோ துவரம் பருப்புக்கோ வந்து நான் பார்த்ததில்லை. சீனி, கிரீம் பிஸ்கட், கலர் சோடா பாட்டில், இவற்றுக்குத்தான் வரும். அக்கா வாராவாரம் இவற்றைப் பையில் அடுக்குவார். அவர் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன் காட்டில் ஆடு மேய்க்கிறவர். அவருக்கு நாலைந்து வருஷமாகச் சுகர். அக்காதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"அண்ணனுக்கு ஆகாதேக்கா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்துவிட்டது. "துட்டு குடுத்து வாங்குனாத்தான தாயி தப்பு? சும்மா வந்தத வீணாக்க முடியுமா? வெயில்ல அலஞ்சிட்டு வாரவிய, ரெண்டு வாய் குடிக்கட்டும்."

ஒரு செவ்வாய்க்கிழமை

பிறகு ரெண்டு மாசம் அக்காவைக் காணவில்லை. வேறு கடையில் பெரிய ஆஃபர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து நின்றார். ஆளே பாதியாகியிருந்தார். காட்டில் அண்ணன் காலில் உடைமரத்து முள் ஏறியிருக்கிறது. சுகரில் மரத்துப்போன கால், அவருக்கு வலியே தெரியவில்லை. புண் சீழ் பிடித்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆடுகளையும் விற்றாகிவிட்டது. எல்லாப் பழியும் பிஸ்கட்டுக்கும் கலருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையும் இலவசம்தான். அதை வாங்க ஒரு பொழுது போய்விடும், ஆட்டை யார் பார்ப்பது என்று அண்ணன் போகாமல் இருந்திருக்கிறார்.

அக்கா எடுத்து வைத்தது பஞ்சு, கட்டுத் துணி, பெரியவர்களுக்கான டயபர். மேலே ஒரு கட்டு கூப்பன். பில் ஆயிரத்துக்கு வரவில்லை, வந்திருந்தாலும் அந்தச் சாமான்களுக்குக் கூப்பன் கிடையாது. தெரிந்தே ஒவ்வொன்றாக மெஷினில் காட்டிப் பார்த்தேன். ஒன்றையும் ஏற்கவில்லை. சூப்பர்வைசர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. "நான் குடுக்கேன்கா" என்று என் பையைத் திறந்தேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டயபரைத் திருப்பி வைத்துவிட்டு, மற்றதற்குச் சேலை முந்தியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார். போகும்போது நிதானமாகக் கேட்டார்: "கால வாங்குற சாமானயெல்லாம் சும்மா குடுத்தீங்க. கால் போன பெறவு வேணுங்கிறதுக்கு மட்டும் துட்டா தாயி?"

ஒவ்வொரு பில்லின் அடியிலும் 'இன்று நீங்கள் மிச்சம் பிடித்தது' என்று அச்சடித்துத்தான் கொடுக்கிறோம். அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து எங்கே போனது என்று கேட்டால், எங்கள் முதலாளி பைபாஸ் ரோட்டில் இரண்டாவது கடை கட்டிக்கொண்டிருக்கிறார்.