ஜன்னல் வைத்த வேகன்

பெண் பார்க்கப் போன வீட்டில் சரக்கு ரயில் வேகன்களின் வகைகளை ஒப்பித்துவிட்டு வந்த மாப்பிள்ளை, தர்மபுரி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வீடு. பெண்ணின் அப்பா, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ரயில்வேயில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். கூட்ஸ் கிளார்க் என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். மூடிய வேகன், திறந்த வேகன், எண்ணெய் போகும் தொட்டி வேகன், மரமும் தண்டவாளமும் ஏற்றுகிற தட்டை வேகன், காற்றுப் போகப் பக்கவாட்டில் இடைவெளி விட்ட மாட்டு வேகன். அதில் நாலு சக்கரம் எது, எட்டுச் சக்கரம் எது. எதற்கு எந்த இங்கிலீஷ் எழுத்து. பெண் காபியோடு வந்ததும், நின்றதும், காபி ஆறிப்போய் உள்ளே திரும்பியதும் எனக்குத் தெரியாது. ரயிலின் கடைசியில் வரும் பிரேக் வேனுக்கு நான் வந்துசேர்ந்தபோது, எதிரே பெண்ணின் தாய்மாமன் மட்டும் இருந்தார். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஜாதகம் கொடுக்கவே இல்லை.

எம்.ஏ. படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் ரயில்வேக்கு வந்தவன் நான். உலகத்தில் உள்ள எதையும் ஒரு வகைக்குள் அடைத்துவிடலாம் என்று நம்புகிற வயது. வேகன் அட்டவணையைப் பார்த்ததும், இவ்வளவு தெளிவான புத்தகத்தைப் பல்கலைக்கழகத்தில் ஏன் பாடமாக வைக்கவில்லை என்றுகூடத் தோன்றியது. இன்றைக்கு அதெல்லாம் போய்விட்டது. ரயில்வே கேட்டில் நிற்கிறேன். சரக்கு வண்டி போகிறது. ஒரே மாதிரி வேகன்கள், முதலும் முடிவும் தெரியாத நீளம். பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளை ஒரு காலத்தில் கவிதை மாதிரி படித்தவன், இப்போது கேட் எப்போது திறக்கும் என்று பார்க்கிறேன். முழங்கால் வலிக்கிறது. ஞாபகத்தில் தங்கியிருப்பது எந்த வகையிலும் சேராத ஒரே ஒரு வேகன்தான். அதற்குள் குடியிருந்தவர் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர்.

மாரண்டஹள்ளிக்குச் சற்றுத் தள்ளி, புதிதாகப் போட்ட மீட்டர்கேஜ் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். பாதை வந்துவிட்டது, சிக்னல் வந்துவிட்டது, பெயர்ப்பலகை மூன்று மொழியில் வந்துவிட்டது; மாஸ்டர் குடியிருக்க வேண்டிய குவார்ட்டர்ஸ் மட்டும் வரவில்லை. ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழுப்பியதோடு காண்ட்ராக்டர் போய்விட்டார். உள்ளே ஆமணக்குச் செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. ஊரோ இரண்டு மைலுக்கு அப்பால். மாஸ்டரும் அவர் மனைவியும் பார்சல் ரூமின் ஒரு மூலையில் படுதா கட்டிக்கொண்டு இருந்தார்கள். கூடைக் கோழிகள் பார்சலில் வந்தால் இரவெல்லாம் அவற்றோடு தூங்க வேண்டும்.

மாஸ்டர் ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர்; ஆனால் பிறக்கும்போதே நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு முகம். எதையும் உடனே எழுத மாட்டார். நான் பேனாவைத் திறந்தால், "இருப்பா தம்பி, எழுதிட்டா அது ஆயிடும்" என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பாதி அதுதான்.

அப்படியிருக்கையில் ஒரு சரக்கு வண்டியில் ஒரு மூடிய வேகனுக்கு அச்சு சூடேறிப் புகை வந்து, எங்கள் ஸ்டேஷனில் கழற்றிவிட்டுப் போனார்கள். ஓட முடியாத வேகனுக்கு ரயில்வேயில் 'சிக்' என்று பெயர். மனிதர்களுக்குப் போலவே அதற்கும் ஒரு சீட்டு ஒட்டி, முட்டுச் சந்து மாதிரி முடிகிற ஒரு தண்டவாளத்தில் தள்ளிவைத்தோம். ஆட்கள் வந்து அச்சைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். சீட்டைக் கிழிக்க வேண்டிய உத்தரவு மட்டும் வரவில்லை. மாஸ்டர் ஒரு வாரம் பார்த்தார். இரண்டு வாரம் பார்த்தார். அப்புறம் ஒரு மத்தியானம் அவரும், தண்டவாளத்தை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனும் பாயையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டுபோய் அதற்குள் வைத்தார்கள். சட்டப்படி அது குற்றம். ஆனால் கோழி இல்லை.

நல்ல வீடாகத்தான் இருந்தது. மாஸ்டரம்மா என்று ஊரே கூப்பிட்ட அவரை நான் அக்கா என்பேன். நல்லம்பள்ளி விவசாயக் குடும்பத்துப் பெண். வேகன் வாசலில் ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கிப் படி வைத்தார். படியில் கோலம் போட்டார். எடை எவ்வளவு ஏற்றலாம் என்று வெளியே எழுதியிருந்த வரிக்கு மேலே மாவிலை கட்டினார். நிற்கிற வண்டியின் டிரைவர்கள் எஞ்சினிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி வெந்நீர் பிடித்துக் கொடுப்பார்கள். அந்த வட்டாரத்திலேயே விறகில்லாமல் வெந்நீர்க் குளியல் நடந்த வீடு அது ஒன்றுதான். தினமும் காலையில், வண்டிகளை நடத்துகிற கண்ட்ரோல் ஆபீசிலிருந்து போன் வரும்: கையில் எத்தனை வேகன், என்ன வகை? மாஸ்டர் வேகன் வாசலில் காயும் புடவையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்: "ஒன்னுங்க. சிக்குங்க."

அக்காவுக்கு முன்னால் இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியது அந்த வேகனில். தர்மபுரி ஆஸ்பத்திரியில், கட்டை வண்டியோ பஸ்ஸோ ஆகாது, குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் வாடகைக்கு வீடு இருந்தது. ஆனால் அங்கே வலி எடுத்தால் இரண்டு மைல் மாட்டு வண்டிதான். தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்தால் போன் உண்டு. வருகிற எந்த வண்டியையும் நிறுத்தி ஏற்றிவிடலாம். மாஸ்டர் போட்ட கணக்கு இதுதான். குழந்தை பிறக்கும்வரை அந்த வேகன் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அவர் வேறு எதையும் அப்போது யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

யோசிக்காததால்தான் ஜன்னல் வைத்தார். மாசி பிறந்ததும் தகடு காய ஆரம்பித்தது. மத்தியானத்தில் உள்ளே உட்கார முடியாது. அக்கா முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். வண்டி ஏதும் வராத ஒரு மத்தியானம், பாதையைப் பராமரிக்கிற கேங்மேன்களிடம் உளியும் சம்மட்டியும் வாங்கி, மாஸ்டரே வேகனின் பக்கத் தகட்டில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தார். ரயில்வே சொத்தில் ஓட்டை போட்ட ஸ்டேஷன் மாஸ்டர். எழுதிட்டா அது ஆயிடும் என்று என் பேனாவைப் பிடித்த மனிதர், வேலையே போகக்கூடிய காரியத்தை இரும்பில் எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அட்டவணையை மனசுக்குள் புரட்டினேன். ஜன்னல் வைத்த மூடிய வேகன் என்று ஒன்று அதில் இல்லை.

அது புளி சீசன். மாரண்டஹள்ளி மண்டிக்கார பாய் ஒருவர் வடக்கே அனுப்ப வேண்டிய புளி மூட்டைகளைப் பிளாட்பாரத்தில் அடுக்கிவிட்டு வேகனுக்காகக் காத்திருந்தார். எங்கும் வேகன் கிடைக்காத சமயம். கோடை மழை ஒன்று விழுந்தால் புளி போச்சு. அவர் பொறுமையான மனிதர். ஆனாலும் ஒரு நாள் எங்கள் ஆபீசில் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்: "அங்க ஒரு வேகன் சும்மா நிக்குதுங்க மாஸ்டர். அதுல துணி காயுது. எம் புளி இங்க வெளிய காயுது." மாஸ்டர், அது சிக் என்றார். பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். பாயிண்ட்ஸ்மேன் யாரோ துணி உலர்த்துகிறான் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். தர்மபுரியில் ஒரு அதிகாரியைப் பார்த்தபோது இதைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை போனில், எத்தனை வேகன் என்று கேட்கவில்லை. சிக் வேகனைப் பார்க்க டி.எக்ஸ்.ஆர். வருகிறார் என்றார்கள்.

டி.எக்ஸ்.ஆர். என்பவர் வேகன்களுக்கு டாக்டர். நீளப் பிடி வைத்த சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, ஓடுமா ஓடாதா என்று தீர்ப்புச் சொல்கிறவர். ஓடும் என்றால் வேகன் புளியோடு வடக்கே போகும். ஓடாது என்றால் எஞ்சின் கட்டி உடைக்க இழுத்துக்கொண்டு போவார்கள். எப்படிச் சொன்னாலும் அக்கா இறங்க வேண்டும். ஜன்னலைப் பற்றி எழுதினால் மாஸ்டரும் வேலையிலிருந்து இறங்க வேண்டும்.

அவர் ஒரு சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். சேலத்துக்காரர், ஒல்லி, தலையில் நனைத்த துண்டு. நாலு சக்கரத்தையும் தட்டினார். கோயில் மணி மாதிரி சுத்தமான சத்தம். பாயும் வந்து நின்றிருந்தார். டி.எக்ஸ்.ஆர். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். ஜன்னலுக்கு எதிரில் நின்றார். அதில் அக்கா நூல் புடவைத் துண்டில் ஒரு திரை வேறு போட்டிருந்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் படிப்பு என்னைப் பேசவைத்தது. ஜன்னல் இருப்பதால் இதை மூடிய வேகனாகக் கருத முடியாது, அமைப்பை வைத்துப் பார்த்தால் பிரேக் வேனுக்கு நெருக்கமாக வருகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். டி.எக்ஸ்.ஆர். முழுவதையும் கேட்டார். "பிரேக் வேன்னா கார்டு இருப்பாரே. உள்ள கொழம்பு தாளிக்கிறாங்களே, அவங்களா?" என்றார். பிறகு எனக்கு எத்தனை வருஷம் சர்வீஸ் என்று கேட்டார். பதினோரு மாதம் என்றேன். "அதானே" என்றார்.

இந்தச் சமயத்தில் திரை விலகியது. "வெய்யில்ல நின்னுக்கிட்டு ஏங்க பேசறீங்க? உள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் பேசுங்க" என்றார் அக்கா. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள். கேங்மேன்களின் மனைவிகள் சேர்ந்து போட்ட வளைகாப்பு. பாய் அவரை அப்போதுதான் பார்த்தார். தொப்பியைக் கையில் எடுத்தார், மறுபடியும் போட்டார். "எனக்கு இந்த வேகன் வேணாங்க. நான் லாரில அனுப்பிச்சுக்கறேன்" என்று மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார். ஆனால் காரியம் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. உத்தரவு உத்தரவுதான்.

டி.எக்ஸ்.ஆர். செருப்பைக் கழற்றிவிட்டு வேகனுக்குள் ஏறினார். அத்தனை வருஷ சர்வீஸில் வேகனுக்குள் செருப்பில்லாமல் அவர் ஏறியது அதுதான் முதல் முறையாக இருக்கும். மோர் குடித்தார். வளைகாப்பு முடிந்தால் அம்மா வீட்டுக்குப் போவதுதானே வழக்கம், இங்கே ஏன் கிடக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அம்மா வூடுன்னா அம்மா இருக்கணுமில்லீங்க. இப்ப அங்க இருக்கறது அண்ணி வூடு."

அவர் இறங்கி வந்து, செருப்பை மாட்டி, ஜன்னலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். உளி பட்ட வெட்டு, வெள்ளியாக மின்னியது. ரொம்ப நேரம் தடவினார். மாஸ்டர் தன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

"துரு" என்றார் டி.எக்ஸ்.ஆர். "சில எடத்துல சதுரமாப் புடிக்கும்."

பிறகு பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். இது மூடிய வேகன் என்றால் திறந்த இடம் இருக்கிறது. திறந்த வேகன் என்றால் கூரை இருக்கிறது. எந்த வகை என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறது, பதில் வரும்வரை நகர்த்தக் கூடாது என்று வேகனின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் பக்கம் திரும்பாமலே, "பதில் வர்றதுக்குள்ள உங்க கொழந்த நடக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வெயில் ஏறிய ஒரு காலையில் அக்காவுக்கு வலி எடுத்தது. சிக்னலை இறக்கினால்தான் வண்டி போகும்; மாஸ்டர் இறக்காமல் ஒரு சரக்கு வண்டியை நிறுத்தினார். பிரேக் வேனில் கார்டின் பெஞ்சில் படுக்கவைத்து தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. அது தண்டவாளத்துக் கருங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிற பருவத்தில் மேலிடத்துப் பதில் வந்தது. அந்தப் பொருளை வேகனாகக் கருத முடியாது. சக்கரங்களைக் கழற்றித் தரையில் இறக்கிக் கடைசி வகைக் குவார்ட்டர்ஸாக வைத்துக்கொள்ளலாம். முதல் நாளிலிருந்து மாஸ்டரின் சம்பளத்தில் வாடகை பிடிக்க வேண்டும். அவருடைய பதவிக்கு அதைவிட இரண்டு வகை உயர்ந்த வீடு பாத்தியம் உண்டு என்று நான் புத்தகத்தை எடுத்தேன். "வேணாம்பா" என்றார் மாஸ்டர். "அப்புறம் அதுக்கும் ஒருத்தர் வந்து தட்டிப் பாப்பாரு."

போன வருஷம் மாஸ்டரின் காரியத்துக்குப் பாலக்கோடு போயிருந்தேன். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, வேகனில் வளர்ந்த அவர் மகள் தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னிடம் வேகன் கதையைக் கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் நன்றாகவே சொன்னேன், டி.எக்ஸ்.ஆர். சாக்கட்டியை எடுத்த இடத்தில் நானும் கையைத் தூக்கிக் காற்றில் எழுதிக் காட்டினேன். அந்த ஒரு வரி மட்டும் எழுதப்படாமல் போயிருந்தால் உங்கள் பாட்டி எங்கே போயிருப்பார், யோசித்துப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டு முடித்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எங்க போவேன் தம்பி? அவரு எழுதலைன்னாலும் நான் எறங்கியிருக்க மாட்டேன். எஞ்சின் கட்டி இழுத்திருந்தா வேகனோடயே போயிருப்பேன். புளி மூட்டை பக்கத்துல ஒரு ஆளு படுக்க எடமில்லாமயா போயிரும்?"