அம்மா விசாரித்த புத்தகம்

போன வாரம் ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பிய பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்து அத்திபெலேயில் இருக்கும் என் கிளினிக்கில் இறங்கின. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு அவற்றை நான் என் கையால் கொடுக்க வேண்டுமாம். 'ஒரு புத்தகம் என் வாழ்க்கையை மாற்றியது' என்று மேடையில் பேசவும் வேண்டுமாம். நான் மாட்டு டாக்டர். நாய் பூனைக்கும் பார்ப்பேன். அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் வந்த புதுப்பசை வாசனை என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த பெங்களூர் அடுகோடிக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் நானும் அம்மாவும் இருந்தோம். வேலைக்கென்று போன அப்பா திரும்பவே இல்லை. அதன்பிறகு நான் பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை, சீண்டினால் கடித்துவிடுவேன். ஆமாம், பல்லால்தான். இன்று என்னிடம் வரும் நாய்கள் கடித்தால், அதற்குக் கணக்குத் தீர்ப்பதாகத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரு பெண்ணின் கையைக் கடித்ததற்கு டீச்சர் எல்லோர் முன்னாலும் திட்டினார். பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அம்மா வீட்டுவேலை செய்த இடத்து மேடம், பல காலமாகப் பெங்களூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். விஷயம் கேள்விப்பட்டு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினார். ஏழைப் பெண் ஒருத்தி மிருக டாக்டர் ஆகிற கதை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"சும்மா எதுக்குடி குடுக்கறாங்க? பழசு கூட இல்ல, புதுசு. இன்னாமோ இருக்குது. நீ படி, நான் கேக்கறேன்."

சாயங்காலம் ஸ்டவ்வில் குழம்பு கொதிக்கும். நான் உரக்கப் படிப்பேன். அம்மா போலீஸ் மாதிரி குறுக்கே கேள்வி கேட்பாள். கன்றுக்குட்டியின் காலுக்கு அந்தப் பெண் கட்டுப்போடும் இடத்தில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் தெருநாய் ஒன்றின் நொண்டிக்காலுக்கு ஸ்கேலை வைத்துக் கட்டினேன். அது என்னைக் கடிக்கவில்லை, நானும் அதைக் கடிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு டாக்டர் ஆசை பிடித்தது.

பிறகு, ஒரு பணக்கார அம்மாள் அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் அத்தியாயம் வந்தது.

"அந்த வூட்ல பாத்திரம் யாரு கழுவுனா?" என்றாள் அம்மா.

"அது எழுதலம்மா."

"ஏன் எழுதல? திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். அந்தப் பெரிய வீட்டில் யாருமே பாத்திரம் கழுவவில்லை. எனக்கும் அது உறுத்தத் தொடங்கியது.

சில நாளில் மேடம் எங்கள் அறைக்கே வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததில்லை.

"செல்வி, பொண்ணு நம்ம மனேலயே, எங்க வீட்லயே இருக்கட்டும். கூடமாட உதவி பண்ணிட்டுப் படிக்கட்டும். ஸ்கூல் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "வேணாம் மேடம். அவ நாளைக்கே ஸ்கூலுக்குப் போறா."

எனக்கே அது புதுச் செய்தி.

"புக்க மட்டும் வெச்சிக்கறோம்" என்றும் சொன்னாள். அந்த வேலை போயிற்று. அம்மா வேறு வீடு தேடிக்கொண்டாள். மறுநாள் நான் கடித்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் "சரி" என்றாள்.

மேடம் மனதார உதவத்தான் வந்தாரோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆசையை எனக்குள் போட்டது அவர் கொடுத்த புத்தகம்தான். அதுவும் பொய்யில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள், கையில் எந்நேரமும் செல்போன். ஏதோ இலையை வெந்நீரில் போட்டுக் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்று யாரோ பேசிய வீடியோவைக் கேட்டு, நேற்று மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"யாரும்மா இத அனுப்பினது?" என்று கேட்டேன்.

"யாரோ நல்லவங்கதாண்டி" என்றாள். "நம்மகிட்டப் பொய் சொல்லி அவங்களுக்கு இன்னா லாபம்?"