யாருண்ணே வச்சாக?

அந்த நாயின் காலைப் பறித்தவன் நான்தான். நீங்கள் கைப்பேசியில் வீடியோ பார்த்து, கைகூப்பி, பூப் போட்டு, ‘மனிதநேயம் சாகவில்லை’ என்று எழுதினீர்களே... அதே புண்ணியவான்தான்!

கம்பம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் மக்காச்சோளக் காடு. பயிரைக் காக்கக் காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைத்தேன் என்றால் நம்புவீர்கள். பொய். கறிக்கு ஆசைப்பட்டு வைத்தேன். பழைய பைக்கின் கிளட்ச் ஒயர். இழுக்க இழுக்க இறுகும்.

அன்று விடியலில் ஓலம் கேட்டதும், பன்றிதான் என்று கடப்பாரையோடு ஓடினேன். எனக்கு முன்னால் என் தங்கை செல்வி அங்கே மண்டியிட்டிருந்தாள். ஒயரில் மாட்டியிருந்தது ஒரு தெருநாய்.

அதற்குச் சில மாதம் முன்பு, செல்வி ஏலக்காய் எடுக்கப் போன ஜீப், கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்த தோழி இவள் மடியிலேயே உயிரை விட்டாள். அன்று மூடிய வாய். பெற்ற தாயிடம்கூட ஒரு சொல் இல்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே அடுப்படி மூலையில் ஒடுங்கிவிடுவாள்.

அவள் பேசினாள்... நாயிடம்!

“ஏலே, அசையாத... அவுத்துவிடுறேன், அசையாத.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “யாருண்ணே இத வச்சாக?”

வச்சாக! எலும்பு வரை அறுத்தவனுக்கும் மரியாதை!

“எவனோ ஒரு கேடுகெட்ட பய, ஆத்தா” என்றேன். நான் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன்... தூ!

காலை எடுத்துவிட்டார் மாட்டு டாக்டர். கட்டு மாற்ற டவுனுக்குப் போக ஜீப்தான் கிடைத்தது. செல்வி கையைத் தவிர வேறு எந்தக் கையையும் நாய் அண்டவிடவில்லை. அதனால் அவளே ஏறினாள், நடுங்கிக்கொண்டே. மடியில் அதுவும் நடுங்கியது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

“தங்கச்சியப் பேசவச்சுட்டியேப்பா!” என்று ஊர் என்னைத் தட்டிக்கொடுத்தது. நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டினேன்.

உண்மை தெரிந்தால் அவள் மறுபடி ஊமையாகிவிடுவாளாம்... அவள் நன்மைக்காகத்தான் மறைக்கிறேனாம்! கோழைக்குச் சாக்குக்கா பஞ்சம்? நீங்களும் “அதுவும் சரிதானே” என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

மிச்ச ஒயர் மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகிறது. வெளியே எறிந்தால் யார் கண்ணிலாவது படுமே என்ற பயம்.

நேற்று செல்வி அந்த வாசலில் நின்றாள். நாய் அவள் காலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது.

“ஏண்ணே, இங்கன மட்டும் இது உள்ள வரமாட்டேங்குது?”

“மோட்டார் சத்தத்துக்குப் பயம், ஆத்தா.”

அவள் குனிந்து அதன் காதைத் தடவினாள். என்னைப் பார்க்கவில்லை.

“கரண்டே இல்லையேண்ணே.”