ராக்கெட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

தங்கச்சி பிள்ளைகளுக்கு ராக்கெட் விட்டுக் காட்டினேன். அதில் சின்னவள் சாகக் கிடந்தாள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது போடியில். பள்ளிக்கூட லீவு விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெட்டு மலைப்பாதை ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாள ஊரான ஆனைக்கரைக்கு என் வீட்டுக்கு வருவாள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. நான் தனிக்கட்டை. ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம்தான் எனக்குத் தெரிந்த உலகம். ராக்கெட் செய்யும் விதத்தைப் பெரியவள்தான் போனில் காட்டினாள். இரண்டு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் ரப்பர் கார்க், கார்க்கின் நடுவே சைக்கிள் டியூப் வால்வு. கவிழ்த்து நிறுத்திக் காற்றடித்தால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு மேலே போகும். அட்டைப்பெட்டியை வெட்டி இறக்கை ஒட்டினோம்.

தங்கச்சி உள்ளே அடுப்படியில் இருந்தாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. முற்றத்தில் நீல டிரம் நிறையத் தண்ணீர் கிடந்தது. பெரியவள் சொம்பில் மொண்டு வந்து முகத்தைச் சுளித்தாள்.

"மாமா, தண்ணி நாறுது."

"மலையில எல்லாம் அப்படித்தான் நாறும். போடியில பஸ் புகையைக் குடிச்சு வளர்ந்தவளுக்கு இது நாறுதாக்கும். ஊத்துடி."

சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

முந்தின நாள் ஏலத்துக்குப் பூச்சிமருந்து கலக்கிய டிரம் அது. கழுவிக் கவிழ்க்காமல் விட்டவன் நான். அடியில் மிச்சம் இருந்தது, அதன்மேல் ராத்திரி மழையில் கூரைத் தண்ணீர் விழுந்து நிரம்பிவிட்டது. அந்த வாடை எங்கள் மூக்குக்கு ஏறாது. சட்டையில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது, சோறு தின்கிற கையில் இருக்கிறது. வருஷம் முழுக்க அதிலேயே கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் அரிசி கழுவியது போல லேசாக வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

மூன்று தடவை விட்டோம். முதல் தடவை பாட்டில் கமுகு உயரம் போனது. பீய்ச்சிய தண்ணீர் எங்கள் மூன்று பேர் மேலும் கொட்டியது. சின்னவள் வாயைத் திறந்துகொண்டு அதற்கடியில் போய் நின்றாள். "இன்னொண்ணு மாமா, இன்னொண்ணு" என்றாள். மூன்றாவது தடவை ராக்கெட் பலாமரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. இல்லாவிட்டால் நாலாவதும் விட்டிருப்பேன்.

அரை மணி நேரத்தில் சின்னவள் வாந்தி எடுத்தாள். வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டிரம் ஞாபகம் வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

என்ன மருந்து என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். இரண்டு கலந்தது என்றேன். ஒன்றின் பெயர் சொன்னேன். இன்னொன்று கடைக்காரன் சேர்த்து ஊற்றச் சொன்னது. சிவப்பு மூடி என்பதுதான் தெரியும்.

"மூடி நிறம் வேண்டாம், பேரு பறயு" என்றார், பெயரைச் சொல்லு என்று.

மருந்து பாட்டிலைக் கலக்கிய அன்றைக்கே எரித்துவிட்டேன். கடைக்காரனுக்கு அடித்தேன், போனை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பிள்ளைக்கு ஊசி மேல் ஊசி. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெரியவளுக்குத் தலைசுற்றலோடு போயிற்று, எனக்குத் தலைவலி. கொழுத்த உடம்பு எனக்கு, விஷம் போய்ப் பிடித்தது இத்தனூண்டு உடம்பை.

தங்கச்சி என் சட்டையைப் பிடித்தாள். "தண்ணியில வாடை அடிச்சிருக்குமேண்ணே. தெரியலையா உனக்கு?"

"தெரியலை" என்றேன். அது நிஜம்.

"பிள்ளைகளுக்குமா தெரியலை? ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

பெரியவள் என் பக்கத்தில்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

நாலாம் நாள் சின்னவள் எழுந்து இட்லி தின்றாள். ஐந்தாம் நாள் போடிக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு லீவு வந்துபோய்விட்டது. மெட்டு ஏறி யாரும் வரவில்லை. தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லப் பல தடவை போனை எடுத்திருக்கிறேன். வெயில் எப்படி, மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

சில சமயம் பெரியவள் எடுப்பாள்.

"மாமா, ராக்கெட் இன்னும் மரத்துலயா இருக்கு?"

"ஆமாடி."

"எடுத்துராதீங்க."

"சரி."

"போனை அம்மாகிட்ட குடுக்கவா?" என்று கேட்பாள். வேண்டாம் என்பேன்.