லிஃப்டுக்குள் நெட்வொர்க் இருந்தது

போன செவ்வாய் காலை. கையில் காய்கறிப் பை, முட்டியில் வலி. மும்பை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் லிஃப்டோ கீழே வருகிற வழியாக இல்லை.

பழைய காலத்து லிஃப்ட். இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு. ஏதாவது ஒரு மாடியில் யாராவது சரியாகச் சாத்தாவிட்டால், இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்கு இந்த ஊரில் ஒரே வைத்தியம்தான் – அண்ணாந்து, தொண்டை கிழிய, “லிஃப்ட் பந்த் கரோ!”, அதாவது லிஃப்டைச் சாத்துங்கள் என்று கத்துவது. யாராவது திட்டிக்கொண்டே வந்து சாத்துவார்கள்.

நானும் கத்தினேன். மேலேயிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

“அங்கிள்... நான் உள்ள இருக்கேன்.”

வைஷ்ணவி! நான்காவது மாடி கல்பனாவின் பெண். படிப்பை முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். அன்றைக்குத்தான் வாஷியில் அவளுக்கு முதல் இன்டர்வியூ.

படியேறி ஓடினேன். மூன்றாவது மாடியில் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. சாத்தினேன். லிஃப்ட் கீழே இறங்கியது. நானும் மறுபடி இறங்கினேன்.

“எவ்வளவு நேரமா நிக்கறே?”

“அரை மணிக்கு மேல இருக்கும், அங்கிள்.”

“கத்தியிருக்கலாமே? வாட்ச்மேன் கீழேயே உட்கார்ந்திருக்கானே!”

“அரே அங்கிள், எல்லாரும் எட்டிப் பார்ப்பா... ரொம்ப ஆக்வர்டா இருக்கும். அதான் நம்ம பில்டிங் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போட்டேனே!”

“அலாரம் பெல்?”

“அது பயங்கர லவுட்!”

லவுடாக இல்லாமல் அலாரம் வேறு எப்படி இருக்கும்? உள்ளே நின்றபோது அவளுக்கு நெஞ்சு படபடத்திருக்கிறது. உடனே கையிலிருந்த வாட்ச், மூச்சை இழுத்து விடச் சொல்லியிருக்கிறது. விட்டாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தூங்க ஓர் ஆப், தண்ணீர் குடிக்க ஓர் ஆப், நிம்மதிக்கு ஓர் ஆப். மனசு சரியில்லை என்று ஊருக்கெல்லாம் ரீல் போடுவார்கள். எதிர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல மட்டும் கூச்சம். எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

சரி, அந்த குரூப் என்ன ஆயிற்று? திறந்து பார்த்தேன். மேலே ஒரு ரோஜாப்பூ குட் மார்னிங். கீழே ஒரு சூரியோதயம். நடுவில் வைஷ்ணவி – ‘லிஃப்டில் மாட்டிக்கொண்டேன், ப்ளீஸ் ஹெல்ப்.’ ஒருவர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார். செக்ரட்டரி ‘நோட்டட்’ என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே, கை கூப்பி ஒரு வணக்கம். போட்டது யார்? கல்பனா. பெற்ற தாய்!

“எல்லாத்துக்கும் போடற மாதிரி போட்டேன். யார் படிச்சுப் பாத்தா?” என்றாள், கீழே இறங்கி வந்த கல்பனா. கண் கலங்கியிருந்தது.

இந்தத் தலைமுறையை போன் கெடுத்துவிட்டது என்று மாதம் ஒரு ஃபார்வர்டு அனுப்புகிறவர்களும் இந்த குரூப்காரர்கள்தான். யாருமே படிக்காத குரூப்பில் இந்தப் பெண் மட்டும் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறாள்.

“லேட்டாகும்னு அந்த கம்பெனி எச்.ஆருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுடி!” என்றாள் கல்பனா.

“ஃபோனா?” வைஷ்ணவியின் முகம் வெளுத்துவிட்டது. லிஃப்டுக்குள்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். “டெக்ஸ்ட் பண்றேன்மா...”

“வாயைத் திறந்து பேசு! இது போச்சுன்னா அடுத்தது எப்ப வரும்?”

கண்ணை மூடிக்கொண்டு நம்பரை அழுத்தினாள். நாங்கள் இருவரும் போன் பக்கம் காதை நீட்டினோம். ரிங் போயிற்று... கட் ஆயிற்று. கல்பனா என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதானா?

டிங். ஒரு மெசேஜ். எச்.ஆர். பெண் எழுதியிருந்தாள் – ‘ஹாய் வைஷ்ணவி! ஸாரி, நான் கால் எடுப்பதில்லை. டெக்ஸ்ட் ப்ளீஸ்!’

வைஷ்ணவியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! மடமடவென்று தட்டினாள். ‘நோ வொரீஸ், மத்தியானம் வா’ என்று பதில் வந்தது. போனாள். வேலையும் கிடைத்துவிட்டது.

அந்த ஆபீஸ் லிஃப்டில் அவளும் எச்.ஆர். பெண்ணும் ஒன்றாக மாட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும் – எனக்கு அதுதான் கவலை.