ஐந்தாம் விதியும் தேக்கா கோழியும்

எங்கள் தேவாலயப் பங்கு ஆண்டுதோறும் ஃபன்ஃபேர் என்ற பெயரில் நடத்தும் கேளிக்கைச் சந்தைக்கான குழு சைக்ளோஸ்டைல் செய்து கொடுத்த சுற்றறிக்கையில் ஐந்தாம் விதி இப்படி இருந்தது: "ஸ்டால்களில் வைக்கப்படும் விளையாட்டுகள் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும். குறைபாடு உள்ளவை அனுமதிக்கப்பட மாட்டா." முந்தைய ஆண்டு, பந்தெறிந்து டின்களை வீழ்த்தும் ஸ்டாலில் டின்கள் அப்படியே நின்றன, பலகை மட்டும் விழுந்தது. விழுந்த இடம் உதவிப் பங்குத்தந்தையின் கால். விதி அப்படித்தான் பிறந்தது.

நல்ல விதிகள் யாராவது ஒருவர் காலில் ஏதாவது விழுந்த பிறகே எழுதப்படுகின்றன. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு கட்டம் காலியாக இருந்த விண்ணப்பத்தைக்கூட நான் ஏற்றதில்லை. அப்படிப்பட்ட நான் பன்னிரண்டு வயதில் ஐந்தாம் விதியை என்ன செய்தேன் என்பதை, இனி யாரும் என்னை விசாரிக்க முடியாது என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். புக்கிட் மேராவில் மூன்றறை வீடு. அண்ணன் படிப்பை முடித்துவிட்டு, கட்டாய ராணுவச் சேவைக்கு எந்த நாளில் போக வேண்டும் என்ற கடிதத்தையும் வாங்கி வைத்திருந்தான். விடுமுறைகளில் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். பார்வைக்கு அது தடித்த விசைப்பலகை, அவ்வளவுதான். திரைக்கு எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, நினைவுக்கு அம்மாவின் கேசட் ரெக்கார்டர். அதில் அவன் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தான். தேக்கா சந்தையில் கூண்டிலிருந்து தப்பிய ஒரு கோழி, கடைகளுக்கு நடுவே ஓடி அரிசி பொறுக்க வேண்டும். பின்னால் கத்தியோடு கோழிக்கடைக்காரர்.

மூன்று மாதமாக அது முடியும் நிலையிலேயே இருந்தது. கோழி ஓடியது, அரிசி மறைந்தது, கடைக்காரர் துரத்தினார். ஆனால் அண்ணன் கோழியின் கொண்டையைத் திருத்திக்கொண்டிருந்தான். கொண்டை முடிந்ததும் கத்தி. கத்தி முடிந்ததும் மறுபடியும் கொண்டை. என்னைக்கூட விளையாட விடமாட்டான். "முடியட்டும்" என்பான்.

அப்பா கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். கையெழுத்துப் போட்டு வாங்கிய எதுவும் பயன்படாமல் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு சொன்னார்.

"இங்க பாரு. நீ ஆர்மி கேம்ப்புக்குப் போறதுக்குள்ள நாலு பேர் விளையாடுற மாதிரி அது வெளிய வரணும். இல்லன்னா சுங்கை ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போய் கொடுத்துடுவேன். டிவி பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா உங்கம்மா?"

தனக்காக வாதாடப்பட்ட மகிழ்ச்சியில் அம்மா அப்பாவுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

சுங்கை ரோடு என்றால் பழைய பொருள் சந்தை. அங்கே போன எதுவும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதில்லை. அண்ணன் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது என்று நான் மனத்துக்குள் பதிவு செய்து வைத்திருந்தேன்.

ஃபன்ஃபேரில் அந்த விளையாட்டை வைத்து ஒரு ஸ்டால் போடுவதாக அண்ணன் பெயர் கொடுத்திருந்தான். அவன் கேம்ப்புக்குப் போவதற்கு முந்தைய கடைசி ஞாயிறு அது. சனிக்கிழமை மாலை என்னிடம் சொன்னான்: "நாளைக்கு வைக்க முடியாது. இன்னும் முடியல."

"எது முடியல?"

"உனக்குச் சொன்னா புரியாது."

மறுநாள் காலை முதல் பூசை முடிந்ததும் தெம்பனிஸில் நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான். நான் அப்பாவிடம் போய், "அண்ணன் கேம் முடிஞ்சிருச்சுப்பா. நம்மள எடுத்துட்டு வரச் சொன்னான்" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு பொய்ச் சான்றிதழ். பின்னாளில் மற்றவர்களின் பொய்ச் சான்றிதழ்களை நான் எளிதில் கண்டுபிடித்ததன் ரகசியம் இதுதான்.

அப்பா டாக்சி பிடித்தார். மடியில் தொலைக்காட்சி. என் மடியில் கம்ப்யூட்டரும் ரெக்கார்டரும்.

பங்கு மண்டபத்தில் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து மேசை எங்களுடையது. அண்ணன் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்ற வரிசைப்படி வயர்களைச் செருகினேன். கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். அண்ணன் சிக்கனக்காரன் என்பதையும், அம்மாவின் செபமாலைக் கேசட்டின் மறுபக்கத்தில்தான் கோழியைப் பதிந்து வைத்திருந்தான் என்பதையும் மறந்துவிட்டேன். ரெக்கார்டர் வயரும் சரியாகப் பொருந்தவில்லை. மண்டபம் முழுவதும் கேட்கும்படி ஒரு பெண் குரல் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்லியது.

வடை ஸ்டாலில் ஐந்து பெண்களும், கையில் கரண்டியோடு, கண்ணைக்கூடத் திருப்பாமல் இரண்டாம் பாதியைச் சொன்னார்கள். செபமாலையின் மூன்று மணிகள் அப்படியே உருண்டன. நான்காவதில்தான் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அடியே, யாருடி இங்க செபமாலை போட்டது? எண்ணெய் காயுது!"

வயரை அழுத்திச் செருகி, கேசட்டைத் திருப்பினேன். அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. செபத்துக்கு வந்தவர்கள் கோழிக்கு நின்றார்கள்.

முதலில் விளையாடியவன் பல் விழுந்த ஒரு பையன். அரை நிமிடத்தில் கத்தினான்: "அக்கா! கோழி மீன்கடைக்குள்ள போய் வெளிய வரவே மாட்டேங்குது லா!" அடுத்து வந்த பெண் கோழியைத் திரையின் மேல் விளிம்புக்கு ஓட்டினாள். கோழி காணாமல் போய், கீழே இரண்டு கோழிகளாக வந்தது. மூன்றாமவன் விளையாடியபோது கடைக்காரர் கத்தியை விட்டுவிட்டுத் தனியாக ஓடினார். கத்தி தன் போக்கில் துரத்தியது. ஒவ்வொன்றுக்கும் ஆரவாரம். மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து கொண்டையைச் செதுக்கியவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஒருவன் தன் கோழியைத் தனக்குப் பழகிய பாதையில்தான் ஓட்டுவான். மீன்கடைக்குள் நுழைய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

அப்போதுதான் குழுத் தலைவர் வந்தார். சட்டைப் பையில் சுற்றறிக்கை. பல் விழுந்தவன் அவரிடமே மகிழ்ச்சியோடு அறிவித்தான்: "அங்கிள், இது கெட்டுப்போன கேம்!"

தலைவர் என்னைப் பார்த்தார். "ஐந்தாம் விதி படிச்சியாம்மா?"

"படிச்சேன் அங்கிள்."

"இது முழுசா முடிஞ்சிருச்சா?"

பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். முடிந்தது என்றால் எதிரில் கத்தி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. முடியவில்லை என்றால் சுங்கை ரோடு. என் வாய் என்னைக் கேட்காமலேயே பேசியது.

"கோழி முடியல அங்கிள். ஆனா இங்க கேம் கோழி இல்ல. கோழியில எங்கெங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் கேம். அது முழுசா முடிஞ்சிருச்சு."

தலைவர் சுற்றறிக்கையை எடுத்து ஐந்தாம் விதியை மறுபடி படித்தார். அவர் நேர்மையான மனிதர். விதியில் இல்லாததை இருப்பதாகச் சொல்ல அவருக்கு வராது. "அப்படின்னா போர்டுல அத எழுதி வை" என்றார்.

வடை சுற்றும் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினேன்: "தேக்கா கோழியில் குறை கண்டுபிடியுங்கள்." பக்கத்தில் இன்னொரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். எண், குறை, கண்டுபிடித்தவர், எடுக்கப்பட்ட நடவடிக்கை. குறை கண்டவர் பெயர் பட்டியலில் ஏறும். வேறு பரிசு கிடையாது. அதற்கே வரிசை மண்டபத்தைத் தாண்டி சைக்கிள் நிறுத்துமிடம் வரை போனது. தலைவரின் மகனே இரண்டு முறை நின்றான்.

அப்பா என் காதருகே குனிந்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

"நாலாவது கட்டம் போடணும்னு யார் உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா."

அவர் வரிசையின் கடைசிக்குப் போனார். தன் முறை வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினான்காம் குறையைக் கண்டுபிடித்துவிட்டு, பெயர் சரியாக எழுதப்படுகிறதா என்று நின்று பார்த்தார்.

மாலை நான்கு மணிக்கு அண்ணன் வாசலில் நின்றான். வீட்டுக்குப் போய் மேசை காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். நேராக மேசையை நோக்கி வந்தவனை ஒரு சிறுமி கையை நீட்டித் தடுத்தாள். "அண்ணே, பின்னால போங்க. கியூ இருக்குல்ல?"

என்னைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். பிறகு பின்னால் போய் நின்றான். முப்பது பேருக்குப் பின்னால், தன் கோழிக்காக.

அவன் முறை வந்தபோது கூட்டம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. "மீன்கடைக்குப் போகாதீங்க அண்ணே, மாட்டிக்கும்!" "அந்தத் தராசுக்குப் பின்னால மூலை இருக்கு பாருங்க, அங்க போயிட்டா கத்திக்காரன் வரவே மாட்டான்!" அது பட்டியலில் ஆறாம் எண். அண்ணன் கோழியைத் தராசுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கடைக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார், நெருங்க முடியவில்லை. அண்ணன் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகருங்க அண்ணே! அரிசி பொறுக்கலன்னா பாயிண்ட் வராது லா!"

அவன் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அடுத்தவனுக்கு இடம் விட்டுப் போய்விட்டான்.

அன்று மொத்தம் முப்பத்தொரு குறை. டாக்சியில் தொலைக்காட்சியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அறிவித்தார்: "இத விக்க முடியாது. இவ்வளவு பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்த பொருள எப்படி விக்கிறது?" நான் வென்றுவிட்டேன். எனக்குத் தெரிந்து இந்தத் தீவில் குறைகளோடு வெளியிடப்பட்டு, குறைகளுக்காகவே கொண்டாடப்பட்ட முதல் கேம் அதுதான். இப்போதெல்லாம் பெரிய கம்பெனிகளே அரைகுறையாக வெளியிட்டுவிட்டுப் பிறகு திருத்துகின்றன. குறைப் பட்டியலை மட்டும் வாசலில் ஒட்டுவதில்லை. அந்த ஒரு நடைமுறையைப் பின்பற்றினால் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

அண்ணன் கேம்ப்புக்குப் போகும்வரை என்னோடு பேசவில்லை. வார இறுதிகளில் மொட்டைத் தலையோடு வருவான், சாப்பிடுவான், தூங்குவான், பச்சைச் சீருடையை அயர்ன் செய்துகொண்டு திரும்பிப் போவான். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நான் பட்டியலை அதன் மேலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுத்துப் பார்ப்பேன். நான்காவது கட்டம் காலியாகவே இருக்கும். கிறிஸ்துமஸ் போனது, சீனப் புத்தாண்டு போனது, தவக்காலமும் வந்தது. தன் கோழியின் கொண்டையை ஊரே பார்த்துச் சிரித்ததில் கோபம் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு மாலை, அவன் பஸ் ஏறிய பின், பட்டியலைப் பார்த்தேன். நான்காவது கட்டம் மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருந்தது; நாங்கள் தூங்கிய பிறகு உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் மாற்றிய நிரல் வரியின் எண்ணோடு: திருத்தப்பட்டது, திருத்தப்பட்டது. அப்பாவின் பதினான்காம் எண்ணுக்கு மட்டும் "நன்றி" என்று கூடுதலாக ஒரு சொல். முப்பது குறைகள் திருத்தப்பட்டிருந்தன. ஆறாவதில் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: "திருத்தவில்லை. கோழிக்கு நிற்க ஓர் இடம் இருக்கட்டும்."

கடைசியில் வேலைக்குச் சோம்பிவிட்டான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் "நிலுவையில்" என்று எழுதினேன். கீழே, பதில் வந்த நாள் என்று போட்டு, ஈஸ்டருக்கு முந்தைய அந்த ஞாயிற்றைக் குறித்தேன்: குருத்து ஞாயிறு.