கோட்டை விட்டு விலகிய முள்

சூரியநெல்லிக்கு மேலே, பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை ரிசார்ட்டாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே பழைய பொருள்களை வைத்திருக்கும் காட்சியறை என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் நான். ஆனாலும் வேலை தற்காலிகம்தான். மூன்று முறை நீட்டித்துவிட்டார்கள். சித்திரையில் முதலாளி வரும்போது அங்கிருக்கும் பழைய சூரியக் கடிகாரத்தைச் சரியான மணி காட்ட வைத்தால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொன்னார்.

உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் தகடு அது. நடுவே நிமிர்த்தி வைக்கும் முக்கோண இதழின் நிழல் மணிக்கோட்டில் விழும். பக்கத்தில் குட்டித் திசைகாட்டி. அதன் முள் வடக்குக் கோட்டில் நின்றால்தான் நிழல் உண்மை. பின்புறம் ஐரோப்பிய ஊர்களின் பெயர்களும் பாகைகளும். ஓரிடத்தில், செய்தவன் ஏழு என்று வெட்டிவிட்டு அதையே எட்டாக்கியிருந்தான். அன்றைக்கு அவனுக்கும் கண் எரிந்திருக்கும்.

எங்கள் மலையில் நிழல் தாறுமாறாக விழுந்தது. மஞ்சுமூட்டம் விலகும்போதெல்லாம் முற்றத்துக்கு ஓடினேன். தேயிலை ஃபேக்டரி வேலை முடிந்து வந்த அப்பா சிரித்தார்.

"ஏலே, மணிக்கு மணி ஃபேக்டரிச் சங்கு ஊதத்தான செய்யுது? பெறவு எதுக்கு இதக் கட்டிக்கிட்டு மாரடிக்க? மேகம் மறைச்சா உன் கடியாரத்துக்கு லீவா?"

இதழை அந்தந்த ஊரின் அட்சரேகைப் பாகைக்குச் சாய்த்து வைக்க வேண்டும்; அது நாற்பதுக்குக் கீழே சாயாது. எங்கள் இடமோ பத்து. செய்தவன் நினைத்தே பார்க்காத ஊர். பழைய டீப்பெட்டிப் பலகையில் ஆப்பு சீவி, தெற்கு ஓரத்தை முப்பது பாகை உயர்த்தினேன். நிழல் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் சங்குக்கு இருபது நிமிடம் பின்னால். அது பிழையல்ல. சங்கும் கைக்கடிகாரமும் கிழக்கே வேறொரு ஊரின் சூரியனுக்கு வைத்தவை. அந்தச் சூரியன் எங்கள் தலைக்கு வர அவ்வளவு நேரமாகும். இதைக் கண்டுபிடித்த அன்று மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

முதலாளி காலை பதினொரு மணிக்கு வந்து, குனிந்து பார்த்தார். "பின்னாடி போகுதே, தம்பி."

விளக்க வாயெடுத்தேன். மேனேஜர் காதருகே வந்தார். "மோனே, கதை ஒண்ணும் வேண்டா. கொஞ்சம் திருப்பி வை."

தகட்டைத் திருப்பினேன். நிழல் பதினொன்றில் விழுந்தது. முள் கோட்டை விட்டு விலகி ஆடியது. முதலாளி போட்டோ எடுத்துக்கொண்டார்.

நிரந்தர வேலைக்கான ஆர்டர் வந்த அன்று அப்பா கேட்டார். "இப்பம் சங்குக்கு ஒத்துப் போகுதாலே?"

"போகுதுப்பா."

"பெறவென்ன."

தினமும் பதினொரு மணிக்கு விருந்தினர் கூடுகிறார்கள். முள்ளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மணி காட்டுகிறேன்.